மார்பில் வைக்கும் கம்பி இடம் மாறுமா? ராமநாதபுரத்தில் வைத்துக்கொண்டு மதுரைக்குக் காரில் போகலாமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய மதினிக்கு மேமோகிராமில், அதாவது மார்பை எடுக்கும் எக்ஸ்ரேயில், இடது மார்பில் சின்னதாக ஒன்று தெரிந்திருக்கிறது. கையில் தட்டுப்படவில்லை. ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை, கட்டி இருக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்று மதுரையில் சர்ஜன் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் அன்று காலையில் அந்த இடத்தைக் காட்ட ஒரு கம்பி வைக்க வேண்டுமாம். தம்பிக்கு இரண்டு சந்தேகங்கள். வைத்த கம்பி நகர்ந்துவிட்டால் சர்ஜன் தப்பான இடத்தை வெட்டிவிட மாட்டாரா? முதல் நாளே ராமநாதபுரத்தில் வைத்துக்கொண்டு, விடியற்காலையில் காரில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன?

நான் டாக்டர் இல்லை. சொந்த ஊர் உச்சிப்புளி. மதுரையில் மேமோகிராம் அறையில் டெக்னீசியனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கம்பியைச் செருகுவது ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர். படம் எடுப்பது, அந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பது, அப்புறம் கம்பியோடு தியேட்டர் வாசல் வரை கூடவே போவது, இதெல்லாம் என் வேலை. அதனால் கம்பி எங்கெங்கே நகரும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கம்பி நகரக்கூடியதுதான். காரில் கொண்டுபோக வேண்டாம். ஆனால் நீங்கள் நினைப்பது போல ரோட்டுக் குலுக்கல் முக்கியமான காரணம் கிடையாது. அதைவிட மோசமான இடங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மூன்று இருக்கின்றன.

கம்பி என்றதும் கொத்தனார் கட்டும் கம்பியை நினைத்துப் பயப்படாதீர்கள். சீலா மீன் தங்கூஸை, அதாவது தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்துவிடும் என்று முள்ளுக்கு மேலே கொஞ்ச தூரம் மெல்லிசாக எஃகுக் கம்பி கட்டுவார்களே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். அது ஒரு நீளமான ஊசிக்குள் இருக்கும். மரப்பு ஊசி போட்டுவிட்டு, ஸ்கேனிலோ மேமோகிராமிலோ பார்த்துக்கொண்டே அந்த ஊசியைக் கட்டி வரை செலுத்துவார்கள். கம்பியின் நுனி ஊசிக்குள் இருக்கும்வரை நேராக மடங்கிக் கிடக்கும். ஊசியை உருவியதும் அது பின்பக்கமாக விரிந்து கொக்கியாகிவிடும். நுனி கட்டியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் போய் நிற்க வேண்டும் என்பது கணக்கு. மறுமுனை தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தியேட்டரில் சர்ஜன் அந்தக் கம்பியைத் தொடர்ந்து போய், கட்டியைச் சுற்றியுள்ள சதையோடு சேர்த்து எடுப்பார்.

இந்த மாதிரிக் கொக்கிக் கம்பியை ஃபிராங்க் என்பவரும் கூட இருந்தவர்களும் 1976இல் எழுதினார்கள். 1980இல் கோபன்ஸ், டெலூக்கா இருவரும் அதை மாற்றி அமைத்தார்கள். பிற்பாடு வந்த கம்பிகளில் கொக்கிக்குச் சற்று முன்னால் ஒரு நீளத்துக்குத் தடிமனாக வைத்தார்கள். அந்தத் தடித்த பகுதி கட்டிக்குள் கிடக்கும்படி வைப்பார்கள். வெட்டிக்கொண்டு போகும்போது தடிமன் விரலில் தட்டினால், கட்டி பக்கத்தில் வந்துவிட்டது என்று சர்ஜனுக்குத் தெரியும். 1985இல் ஹோமர் என்பவர் ஜே எழுத்து மாதிரி வளைந்த நுனி வைத்தார். இடம் சரியில்லை என்றால் அதை ஊசிக்குள்ளேயே திரும்ப இழுத்து, வேறு இடத்தில் வைக்கலாம். சாதாரணக் கொக்கி ஒருமுறை விரிந்துவிட்டால் விரிந்ததுதான். இந்த மாற்றங்களுக்கெல்லாம் பின்னால் இருப்பது நீங்கள் கேட்ட அதே கவலை.

சரி, பிடிமானம் எதில் இருக்கிறது? கம்பியில் பாதி, அது போய் நிற்கும் சதையில் பாதி. நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தென்கடலில் பாரில், அதாவது கடலடிப் பாறையில் நங்கூரம் மாட்டினால் எடுப்பதற்குள் உயிர் போகும். வடகடல் சேற்றில் அதே நங்கூரம் காற்றடித்தால் வத்தையோடு சேர்ந்து இழுபட்டு வரும். மார்பும் அப்படித்தான். வயது குறைந்தவர்களுக்குச் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும், கொக்கி நன்றாகக் கவ்வும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் அது குறைந்து கொழுப்பாகியிருக்கும். கொழுப்பில் கொக்கி பிடிப்பது குறைவு, லேசாக இழுத்தாலே வழுக்கிக்கொண்டு வரும். பயிற்சிக்கு வந்த டாக்டர் பிள்ளைகளுக்குக் கோழியின் நெஞ்சுக்கறிக்குள் ஒரு திராட்சையைப் புதைத்து, அதைக் குறிவைத்துக் கம்பி வைக்கச் சொல்வோம். கறியில் வைத்த கம்பியை இழுத்தால் துண்டு முழுவதும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். ஒருநாள் ஒரு பிள்ளை ஆட்டுக் கொழுப்பு வாங்கி வந்து அதில் வைத்துப் பார்த்தது. இரண்டு விரலால் இழுத்ததும் கம்பி மட்டும் சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தை இன்னும் மறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு அதிகமான மார்பில்தான் மேமோகிராம் படம் தெளிவாக வரும். கட்டி பளிச்சென்று தெரியும் இடத்தில் கம்பி நிற்காது.

இப்போது நகரும் இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, கம்பி வைத்த அந்த நிமிடமே. மேமோகிராமில் பார்த்து வைக்கும்போது மார்பை இரண்டு தகடுகளுக்கு நடுவே அமுக்கிப் பிடித்திருப்போம். மேல் தகட்டில் ஓட்டைகளோ சன்னல் மாதிரி ஒரு திறப்போ இருக்கும். ஓரத்தில் எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும். படத்தில் கட்டி எந்த எழுத்துக்கும் எந்த எண்ணுக்கும் நேராக விழுகிறதோ, அங்கே ஊசி இறங்கும். அமுக்கியிருக்கும்போது மார்பின் தடிமன் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை விட்டதும் அது 8 சென்டிமீட்டராக விரிகிறது. ஆர்மோனியத்தின் துருத்தியைப் பிடித்திருந்த கையை எடுத்த மாதிரி. விரிவது ஊசி போன அதே திசையில். அமுக்கிய நிலையில் நுனி கட்டியிலிருந்து 1 சென்டிமீட்டர் விலகியிருந்தால், விட்டதும் அந்த விலகல் ஒன்றரையைத் தாண்டலாம். அதனால்தான் ஊசி போனதும் கொக்கியை விரிக்காமல், மார்பை எதிர்த்திசையில் மெதுவாக அமுக்கி இன்னொரு படம் எடுத்து, ஆழத்தைச் சரிபார்த்த பிறகு ஊசியை உருவுவார்கள். மதினிக்கு இரண்டு தடவை, மூன்று தடவை அமுக்கிப் படம் எடுத்தால் “இத்தனை தடவையா” என்று கோபப்பட வேண்டாம். ஒரே படத்தோடு முடித்து அனுப்பினால்தான் கேட்க வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்றால் இந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை. மல்லாக்கப் படுத்து, கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டுதான் ஸ்கேன். ஆபரேஷன் மேசையிலும் மல்லாக்கத்தான் படுப்பார்கள். மார்பு அமுங்குவதில்லை, ஊசி போகும் தூரமும் குறைவு. எனக்குக் கேட்டால், ஸ்கேனில் தெரியும் கட்டிக்கு ஸ்கேனில்தான் கம்பி வைக்க வேண்டும். கட்டியாக இல்லாமல், சதைக்குள் சுண்ணாம்பு படிந்த சின்னப் புள்ளிகள் மட்டும் சிதறித் தெரியும் கேஸ்கள் பல ஸ்கேனில் பிடிபடாது, அவற்றுக்கு மேமோகிராம்தான் வழி. புள்ளிகள் அகலமாகப் பரவியிருந்தால் இரண்டு எல்லையிலும் இரண்டு கம்பி வைப்பதும் உண்டு.

இரண்டாவது இடம், காத்திருக்கும் நேரம். இதில் எனக்கு ஒரு பழைய வருத்தம் இருக்கிறது. சாயல்குடிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல், பருத்த உடம்பு. காலை எட்டரைக்குக் கம்பி வைத்தாயிற்று. பத்து மணிக்குத் தியேட்டர் என்றார்கள். அவசரக் கேஸ் ஒன்று உள்ளே புகுந்து, லிஸ்ட் தள்ளித் தள்ளிப் போனது. ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அந்த அம்மா வார்டில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று தடவை பாத்ரூம் போய் வந்தார். தாலிக் கயிற்றைக் கழற்ற மனசு வராமல் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது கயிறு முன்னால் சரிந்து, கம்பியை மூடியிருந்த காஸ் துணிக்குள் நுழைந்திருக்கிறது. படுத்துக்கொண்டு கையைத் தூக்கினார், கயிறு கம்பியை இழுத்துவிட்டது. தியேட்டரில் காஸைப் பிரித்தபோது கம்பி முக்கால்வாசி வெளியே கிடந்தது. நல்ல வேளையாக அன்றைக்கு இருந்த சர்ஜன் கத்தியைத் தொடவில்லை. கீழே ரேடியாலஜிக்குப் போன் போட்டார், ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு ஓடினோம், தியேட்டரிலேயே இன்னொரு கம்பி வைக்கப்பட்டது. அந்த அம்மாவுக்கு அது மயக்கத்தில் நடந்ததால் இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு கழுத்தில் எது இருந்தாலும் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுக்கச் சொல்வேன். உங்கள் ஊரில் உத்தரியம் போட்டிருப்பார்கள், ஜெபமாலை போட்டிருப்பார்கள். அதையும்தான். கையில் இறுகப் பிடித்துக்கொள்ளட்டும், மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே நிற்கும் கம்பியை எப்படி ஒட்டுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இறுக்கமாக இழுத்துத் தோலோடு டேப் போட்டால் பத்திரம் என்று தோன்றும். அது தப்பு. உட்கார்ந்தால் மார்பு தொங்கும், படுத்தால் பக்கவாட்டில் சரியும், கையைத் தூக்கினால் மேலே ஏறும். கம்பி தோலோடு இறுகியிருந்தால், மார்பு அசையும் ஒவ்வொரு தடவையும் டேப் கம்பியை இழுக்கும். கொஞ்சம் தளர்வாக வளைத்துவிட்டு, மேலே காஸ் வைத்து, அந்தக் காஸை ஒட்ட வேண்டும். வெளியே எத்தனை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து பேப்பரில் எழுத வேண்டும். தியேட்டரில் அளவு கொஞ்சம் மாறியிருந்தால் கம்பி நகர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உட்கார்ந்து வைத்த கம்பி படுத்ததும் அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் உள்ளே வெளியே போகலாம், கொக்கி அதே இடத்தில் இருக்கும். அளவு நிறைய மாறியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கம்பி வெளியே வருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். உள்ளே போவதும் உண்டு, அபூர்வம்தான். தூண்டில் முள் கையில் குத்தியிருந்தால் தெரியும். உள்ளே தள்ளினால் சுகமாகப் போகும், வெளியே இழுத்தால் சதையைக் கிழிக்கும். இந்தக் கொக்கியும் அதே அமைப்பு. வெளியே வருவதைத்தான் அது தடுக்கும், உள்ளே போவதைத் தடுக்க அதில் எதுவும் இல்லை. கொக்கி மார்புத் திசுவைத் தாண்டி, அடியிலுள்ள நெஞ்சுத் தசையில் குத்தி நின்றால், கையை அசைக்கும்போதெல்லாம் தசை அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வாங்கும். வெளிமுனை முழுவதும் உள்ளே போய், நுரையீரல் உறைக்கும் இதய உறைக்கும்கூடக் கம்பி போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் முடிந்தவரை கம்பியை நெஞ்சுக்கூட்டுக்கு நேராகக் குத்தாமல் அதன் போக்கிலேயே சாய்வாக வைக்கிறார்கள், வெளியே போதுமான நீளம் விடுகிறார்கள். முதல் நாள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து வரலாமா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. தூக்கத்தில் கை எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் கைப்பிள்ளை படுத்திருந்தால் இன்னும் மோசம்.

மூன்றாவது இடம், ஆபரேஷன் மேசை. மருந்து போட்டுத் துடைக்கும் கை கம்பியில் தட்டலாம். அப்புறம், தழும்பு தெரியக்கூடாது என்று பல சர்ஜன்கள் கம்பி நுழைந்த இடத்தில் வெட்டாமல், முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் வெட்டி உள்ளே போவார்கள். சதைக்குள் கம்பியைத் தேடிப் பிடித்து, வெளிமுனையை உள்பக்கமாக இழுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் கம்பியைக் கைப்பிடி மாதிரி நினைத்து இழுத்தால் கொக்கி நழுவிவிடும். நான் பார்த்த நல்ல சர்ஜன்கள் கம்பியை இழுக்க மாட்டார்கள், சதையைத்தான் பிடிப்பார்கள். கத்தரிக்கோல் பட்டுக் கம்பி துண்டாகி, நுனி உள்ளேயே தங்கிவிடுவதும் நடந்திருக்கிறது. கரன்ட் கத்தி கம்பியில் பட்டால் சூடேறும், மெல்லிய கம்பி ஒடியவும் கூடும்.

இத்தனையும் படித்துவிட்டு மதினியை ஆபரேஷனுக்கே அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். கம்பி நகர்வதைவிட, நகர்ந்தது தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு சோதனைகள் இருக்கின்றன. கம்பி வைத்ததும் எடுத்த இரண்டு கோணப் படங்கள் சர்ஜன் கண்ணில் படும்படி தியேட்டரில் இருக்க வேண்டும். அப்புறம், எடுத்த சதையைத் தையல் போடும் முன்பே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சதைத்துண்டில் நூல் கட்டித்தான் எங்களிடம் அனுப்புவார்கள். குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு வழக்கம். படத்தில் கட்டி இருக்கிறதா, பயாப்சியின்போது அடையாளத்துக்கு வைத்த சின்னக் கிளிப் இருக்கிறதா, கம்பியின் கொக்கி முழுசாக வந்திருக்கிறதா, கட்டி எந்த ஓரத்துக்காவது ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துத் தியேட்டருக்குச் சொல்வார்கள். ஓரத்தில் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள். கட்டியே இல்லை என்றால் அந்த அம்மா மயக்கத்தில் இருக்கும்போதே மறுபடி தேடலாம். “எடுத்த பகுதியை அன்றைக்கே படம் எடுத்துப் பார்ப்பீர்களா டாக்டர்?” என்ற ஒரே கேள்வியைச் சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள். தமிழில் கேட்டால் போதும்.

கார் விஷயம். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் வீட்டிலிருந்து ராமநாதபுரம் வரும் தூரம் தனி. சீட் பெல்ட் மார்புக்குக் குறுக்கே வரும், போடாமலும் போக முடியாது. பரமக்குடியில் டீக்கு இறங்கி ஏறுவீர்கள், கை ஊன்றாமல் யாரும் காரிலிருந்து இறங்குவதில்லை. இதற்கெல்லாம் மேலே, வைத்தவர் ஒரு இடம், வெட்டுகிறவர் வேறு இடம் என்றால், சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்க ஆள் கிடையாது. சாயல்குடி அம்மாவுக்கு நடந்தது மதுரையில், ஒரே கட்டடத்துக்குள். மாடி இறங்கினால் ஆள் இருந்தது. ராமநாதபுரத்தில் ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுக்கலாம், மெடிக்கல் காலேஜே 2022இல் திறந்துவிட்டார்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கம்பியை மட்டும் ஆபரேஷன் நடக்கும் ஆஸ்பத்திரியிலேயே, ஆபரேஷன் அன்றே வையுங்கள். முதல் நாள் சாயங்காலமே மதுரைக்குப் போய் அட்மிஷன் போட்டுவிடுங்கள். தியேட்டர் லிஸ்டில் மதினியின் பெயரை முதலாவதாகவோ இரண்டாவதாகவோ போட முடியுமா என்று கேளுங்கள். கம்பி கேஸ் என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு உண்மையிலேயே தோதானது வேறு வகைகள். கம்பியின் பலவீனமே அதன் வால்தான், இழுபடுவதற்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வால் இல்லாத குறிகள் வந்துவிட்டன. அயோடின் 125 என்ற கதிரியக்க விதை, காந்த விதை, ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும் சின்னக் குறி. மேக்சீட் என்ற காந்த விதை 5 மில்லிமீட்டர் நீளம்தான், அரிசி மணியை விடச் சின்னது. இவற்றைப் பல நாள் முன்பே வைத்துவிட்டு ஊருக்குப் போய் வரலாம். ஆனால் வைத்த பிறகு இடம் மாற்ற முடியாது, விலையும் அதிகம். கதிரியக்க விதைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, கழிவைக் கணக்குக் காட்டுவது என்று தனித் தலைவலி. கரித்தூள் கரைசலைக் கட்டியிலிருந்து தோல் வரை கோடு மாதிரி செலுத்தி, சர்ஜன் அந்தக் கறுப்பைத் தொடர்ந்து போகும் முறையும் உண்டு. மலிவு, நகராது. எடுக்காமல் கொஞ்சம் தங்கிவிட்டால் மட்டும் பிற்பாடு ஸ்கேனில் புதுக் கட்டி மாதிரி பயமுறுத்தும். மதினியின் கட்டி ஸ்கேனில் தெரிகிறது என்றால், கம்பியே இல்லாமல் தியேட்டரில் ஸ்கேன் பார்த்துக்கொண்டே எடுக்கும் சர்ஜனும் உண்டு. இருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். இல்லை என்றால் கம்பி ஒன்றும் குறைந்த வழியில்லை, உலகமெங்கும் நாற்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருப்பது.

மதினி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் இப்போதே சர்ஜனிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். உட்கார்ந்தபடி கம்பி வைக்கும்போது சிலருக்குத் தலை சுற்றும், வயிறு வேறு காலி. அப்படித் தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல் உடனே சொல்லச் சொல்லுங்கள், சாய்த்துப் படுக்க வைப்பார்கள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், தலைவழியாக மாட்டும் துணி அன்றைக்கு வேண்டாம். காலையில் குளித்துவிட்டு மார்பிலும் அக்குளிலும் பவுடர் போடாமல் வரட்டும். படத்தில் பவுடர் துகள் அச்சு அசல் சுண்ணாம்புப் புள்ளி மாதிரியே விழும், அப்புறம் துடைத்துவிட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்.